குணாவின் ஜோடி

குணா ஃபோனில் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பதில் குற்றமில்லை. எதிர்முனையில் இருப்பது ஏசுதாசன் என்று தெரிந்ததும்தான் சம்பத்துக்கு வயிறு எரிந்தது. குணா கடை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், அதற்குள்ளேயே ஃபோனைச் சொருகிக்கொண்டு, "சரிண்ணா, சரிண்ணா, அட போங்கண்ணா" என்று கொஞ்சிக்கொண்டிருந்தான். சம்பத் இரண்டு கையிலும் இரண்டு டீயோடு நின்றான். ஒன்றில் ஆடை படிந்தே விட்டது.

"யாருடா?" என்று தெரிந்துகொண்டே கேட்டான்.

"ஏசண்ணன்டா. செம காமெடி மச்சான் அந்தாளு."

"இன்னா காமெடி? சொல்லு, நானும் சிரிக்கிறேன்."

"அது... சொன்னா உனுக்குப் புரியாது. வுடு."

சம்பத்துக்குப் புரியாத காமெடி! திருநீர்மலையில் ஒரே தெருவில் பிறந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பத்தாங்கிளாஸில் ஒரே பாடத்தில் தேறாமல் போனவர்கள் இரண்டு பேரும். முதல் சிகரெட்டை மலைக்குப் பின்னால் ஏரிக்கரையில் ஆளுக்குப் பாதியாகப் பிடித்தார்கள். அன்றைக்கு வந்த பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. குணா பற்ற வைப்பான், பாதி வரை இழுப்பான், மீதி சம்பத்துக்கு. குணா திருமுடிவாக்கத்தில் கிரில் பட்டறை போட்டு நாலு பேரை வேலைக்கு வைத்த பிறகும், சம்பத் அப்பா விட்டுப்போன நிலத்தில் கடை கட்டி ஷாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடத் தொடங்கிய பிறகும், அந்தப் பாதிக்குப் பாதி மட்டும் மாறவில்லை. சாயங்காலம் ஆனால் குணா வந்துவிடுவான். கவிழ்த்து வைத்த அண்டாக்களுக்குப் பின்னால் இரண்டு பேரும் போய் நிற்பார்கள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேச வேண்டிய அவசியம் இருந்ததாகவும் சம்பத்துக்குத் தோன்றியதில்லை.

பிறகு குணாவின் இடது கால் கட்டைவிரல் கறுத்தது. பட்டறையில் இரும்பு விழுந்திருக்கும் என்று எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். ராத்திரியெல்லாம் கால் எரிகிறது என்று அவன் மனைவி புஷ்பலதா இழுத்துக்கொண்டு போய் தாம்பரத்தில் காட்டினாள். டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்துவிட்டு, ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, காரணம் சிகரெட்தான் என்றார். விட்டால் கால் தப்பும். விடாவிட்டால் முதலில் விரல், அப்புறம் பாதம், அப்புறம் எதுவரை என்று அவராலும் சொல்ல முடியாது. "ஒண்ணே ஒண்ணுன்னு ஆரம்பிச்சாலும் அதே கதைதான்" என்று சொல்லி அனுப்பினார்.

பம்மலில் ஒரு நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் சிகரெட்டை விடுகிறவர்கள் கூடுகிறார்கள் என்று அந்த ஆஸ்பத்திரியில்தான் விலாசம் கொடுத்தார்கள். குணா தனியாகப் போகக் கூச்சப்பட்டான். "நானும் வரேன் மச்சான். ஒண்ணா புடிச்சோம், ஒண்ணா வுடுவோம்" என்றான் சம்பத். அதைச் சொன்னபோது அவன் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

கூட்டத்தை நடத்திய சுபத்ரா கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத பெண். புதிதாக விடுகிற ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே விட்ட ஒருவர் ஜோடி. கை அரிக்கும்போது ஜோடிக்கு ஃபோன் போட வேண்டும். அந்த ஆசை அடங்கும்வரை ஜோடி பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

"மேடம், எனுக்கும் இவனுக்கும் நாங்களே ஜோடி" என்று சம்பத் எழுந்து நின்றான்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்மோக் பண்றவங்களா சார்?"

"பத்தாங்கிளாஸ்லேர்ந்து!" என்றான், பட்டம் வாங்கியவனைப்போல.

"அப்போ கண்டிப்பா கூடாது சார். ஒருத்தருக்கு ஆசை வந்தா இன்னொருத்தருக்கும் வந்துடும். அது இங்க நாங்க வச்சிருக்கிற முதல் ரூல்."

எல்லோரும் சிரித்தார்கள். குணாவும் சிரித்தான். குணாவுக்கு ஏசுதாசன் என்று ஒருவனைச் சேர்த்துவிட்டார்கள். பெருங்களத்தூரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன், சர்ச்சில் பாடுகிறவன், எப்போதும் வாயில் கிராம்பை ஒதுக்கிக்கொண்டிருப்பவன். சம்பத்துக்குக் கிடைத்தவர் பல்லாவரத்தில் பிரியாணி மாஸ்டராக இருக்கும் சேட்டு. நல்ல மனிதர்தான். ஆனால் தினமும் காலையில் ரோஜாப்பூ படம் அனுப்பி, "சம்பத் பாய், தம் ஆசை வந்துச்சா?" என்று வாய்ஸ் போடுவார். சம்பத் "இல்ல பாய்" என்று பதில் போடுவான்.

உண்மையிலேயே வரவில்லை. இதுதான் வேடிக்கை. குணா அண்டாவுக்குப் பின்னால் வந்து நிற்பது நின்றதும் சம்பத்துக்கு சிகரெட்டின் நினைப்பே போய்விட்டது. அவனுக்கு வேண்டியிருந்தது அந்தப் புகை அல்ல, அதை நீட்டிய கை என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. சிகரெட் இல்லாமல் அவனால் இருக்க முடிந்தது. குணா இல்லாமல்தான் முடியவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? நாற்பதைத் தாண்டிய ஆம்பிளை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், சிநேகிதன் வேறொருத்தனோடு சிரிக்கிறான் என்று அழுதால் ஊர் வாயால் சிரிக்காது.

வீட்டில் மட்டும் மறைக்க முடியவில்லை. "இன்னாங்க, சக்களத்தி வந்துட்டவ மாதிரி மூஞ்சிய வெச்சிகினு கீறீங்க?" என்றாள் மனைவி திரிபுரசுந்தரி. சம்பத் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோனான்.

ஒருநாள் அவனே குணாவுக்கு ஃபோன் போட்டான். "மச்சான், தாங்க முடியல. கை நடுங்குது. ஒண்ணு புடிச்சிருவேன் போலகீது" என்று குரலை இறக்கிப் பேசினான். நாடகம்தான். குணா பதறி ஓடிவருவான் என்று நினைத்தான்.

"ஐயோ, சேட்டு பாய்க்குப் போடுடா. என்கிட்ட பேசக் கூடாது, அதான் ரூலு" என்று குணா வைத்துவிட்டான். ஐந்து நிமிஷத்தில் ஃபோனில் சேட்டு ரோஜாப்பூவோடு வந்துவிட்டார். குணாவேதான் அவருக்குச் சொல்லியிருந்தான்.

குணாவுக்கு ஆசை வந்தால் ஏசுதாசன் என்ன செய்வான் என்பதும் சம்பத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. இன்றைக்கு என்ன கேட் செய்தாய், யார் வீட்டுக்கு, என்ன டிசைன், எங்கே வெல்டிங் நிற்கவில்லை என்று கேட்டுக்கொண்டே போவானாம். குணா சொல்லிக்கொண்டே வருவானாம். சொல்லி முடிப்பதற்குள் ஆசை போயிருக்குமாம். இத்தனை வருஷத்தில் சம்பத் அதையெல்லாம் கேட்டதே இல்லை. ஒரு சனிக்கிழமை படியிறங்கும்போது ஏசுதாசன் அவனைத் தனியே நிறுத்தி, "சம்பத்து, குணாவ கொஞ்சம் பாத்துக்கோ. கால் போயிடும்னு பயந்துகினு ராத்திரில தூங்கறதில்ல. பொண்டாட்டிகிட்டகூட சொல்லலியாம்" என்றான். அக்கறையாகத்தான் சொன்னான். சம்பத்துக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. தூங்காமல் கிடக்கிறவன் தன்னிடம் சொல்லவில்லை, நேற்று வந்தவனிடம் சொல்லியிருக்கிறான்.

அதற்குப் பிறகு குணாவும் கிராம்பு மெல்ல ஆரம்பித்தான். அந்த வாசனை வந்தாலே சம்பத்துக்கு எரிச்சல் வந்தது. பாழாய்ப்போன விரல்கூட மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது. நல்ல சேதிதான் என்று அவன் வாய் சொன்னது. மனசு சொன்னதை எழுதினால் நன்றாக இருக்காது.

அப்படி இருக்கும்போதுதான் குணாவின் அம்மா குப்பம்மா விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். புஷ்பலதா முதலில் கூப்பிட்டது சம்பத்தைத்தான். அவன் ஆளும் டெம்போவுமாகப் போய் இறங்கினான். ஐஸ் பெட்டி, ஷாமியானா, நாற்காலி, தண்ணீர் கேன் எல்லாம் வெயில் ஏறுவதற்குள் வந்து நின்றன. இது அவன் தொழில். ஆனால் அன்றைக்கு அவன் தொழிலாகச் செய்யவில்லை. அவனுக்கும் சோறு போட்ட கை அது.

சாவு வீட்டில் ஆண்கள் உட்காரும் இடத்தில் ஒரு தாம்பாளம் வைப்பது அந்த ஊர் வழக்கம். வெற்றிலை, பாக்கு, பீடி, சிகரெட், தீப்பெட்டி. துக்கத்துக்கு வந்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சம்பத்தின் கடையில் சாவுக்கு ஆர்டர் வந்தாலே தாம்பாளமும் சேர்ந்துதான் போகும். புஷ்பலதா அவனைக் கதவோரம் கூப்பிட்டு, அழுத கண்ணோடு, "அண்ணா, தட்டுல வெத்தல பாக்கு மட்டும் வெச்சாப் போதும். பீடி, சிகரெட் எதுவும் வேணாம்ணா. அவரு இன்னிக்கு இருக்கிற இருப்புல..." என்றாள்.

"எனுக்குத் தெரியாதாம்மா? நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றான். அப்போது அவன் மனசாரத்தான் சொன்னான்.

ஏசுதாசன் வந்தது அதற்குப் பிறகு. வேனை ஓரமாக நிறுத்திவிட்டு நேராகக் குணாவிடம் போனான், தோளில் கை வைத்தான், பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் கொடுத்தான். வருகிறவர்களுக்கு நாற்காலி காட்டினான். மாலை வாங்கி வந்தவர்களைப் பெட்டியருகில் கூட்டிக்கொண்டு போனான். சம்பத் கயிறு கட்டுவதும் கம்பம் நடுவதுமாக வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். படப்பையிலிருந்து வந்த குணாவின் மாமா, "யாருப்பா அது, உங்க சொந்தமா?" என்று கேட்டார்.

"எனுக்கு அண்ணன் மாதிரி மாமா" என்றான் குணா.

சம்பத் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தான். மாமா அவன் பக்கம் திரும்பி, "ஏம்பா ஷாமியானா, ஒரு பீடி கூட கெடையாதா? இன்னா சாவு வூடு இது?" என்றார்.

ஏம்பா ஷாமியானா! அவன் அண்ணன், இவன் ஷாமியானா.

மளமளவென்று காரியம் செய்தான். குணாவின் தங்கை தமிழினி விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்த பிறகுதான் பிணத்தை எடுக்க வேண்டும். சம்பத் ஏசுதாசனிடம் போய், "வண்டி உங்ககிட்டதான் கீது. தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போயி தங்கச்சிய இட்டாந்துடுங்களேன்" என்றான். ஏசுதாசன் குணாவைப் பார்த்தான், தயங்கினான், பிறகு சம்பத்தின் கையைப் பிடித்து, "பாத்துக்கோ சம்பத்து" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வேன் தெரு திரும்பியதும் சம்பத் பெட்டிக்கடைக்குப் போனான். மாமா பிடிப்பது பீடி என்பது அவனுக்குத் தெரியும். பீடி வாங்கினான். கூடவே, யாரும் கேட்காத ஒன்றையும் வாங்கினான், குணா வழக்கமாகப் பிடிக்கும் அதே சிகரெட்டை. பாக்கெட்டைப் பிரித்துத் தாம்பாளத்தில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினான். வழக்கம்தானே, நானா புதிதாகச் செய்கிறேன், பெரியவர்கள் கேட்கிறார்கள், ஒன்றே ஒன்று பிடித்தால் என்ன குடி முழுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். டாக்டர் சொன்னதை அவன் மறக்கவில்லை. நினைக்காமல் இருந்தான், அவ்வளவுதான். தாம்பாளத்தைக் குணா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரே ஸ்டூலில் வைத்துவிட்டு, டெம்போவுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தான்.

மாமா பீடி எடுத்துப் பற்ற வைத்தார். புகை குணாவின் பக்கம் போனது. குணா தலையைத் திருப்பிக்கொண்டான். பிறகு பார்த்தான். மறுபடி திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் வெற்றிலை எடுப்பதுபோலக் குனிந்தவன் எழுந்தபோது உள்ளங்கை மூடியிருந்தது. நேராக சம்பத்தை நோக்கி வந்தான். ஏசுதாசனுக்கு ஃபோன் போடவில்லை. சம்பத்திடம் வந்தான்.

"வா மச்சான்" என்றான்.

எத்தனை மாசமாகக் கேட்காத அழைப்பு! சாவு வீடு என்பதுகூட மறந்துபோய் சம்பத்துக்குள் சந்தோஷம் பொங்கியது. இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகில் போய் நின்றார்கள். குணா சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

"வத்திப்பொட்டி குடு. வெளக்கு ஏத்தறதுக்கு வெச்சிருப்பியே."

சம்பத் பாக்கெட்டில் கைவிட்டான். தீப்பெட்டி விரலில் பட்டது. அப்போது குணா, ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்தவனைப்போல, சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னான்:

"ஏசண்ணன் இருந்தாருன்னா இதுல கை வெச்சிருக்க மாட்டேன்டா. அவரு மூஞ்சியப் பாத்துட்டு முடியாது. நீன்னா பரவால்ல. நீ ஒண்ணும் சொல்ல மாட்ட."

அன்பாகத்தான் சொன்னான். அதில் குத்தல் துளியும் இல்லை. அதனால்தான் அது சம்பத்தின் நெஞ்சில் அப்படி இறங்கியது. விட வேண்டும் என்றால் ஏசுதாசன், விழ வேண்டும் என்றால் சம்பத். இந்த ஊரில் குணா கால் இழக்கத் துணிந்தால், அதற்கு வெட்கப்படாமல் வந்து நிற்கக்கூடிய ஒரே இடம் இவன்தான். இத்தனை நாள் இவன் ஏங்கியது இந்த இடத்துக்குத்தான்.

குணா காலையிலிருந்து செருப்பில்லாமல் நின்றிருந்தான். கட்டைவிரலில் சுற்றியிருந்த துணி நனைந்து, மண் அப்பி, அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"குடுடா, யாராச்சும் வந்துறப் போறாங்க."

சம்பத் தீப்பெட்டியை எடுக்கவில்லை. ஃபோனை எடுத்தான். கூட்டத்துக்காரர்களின் நம்பரெல்லாம் குரூப்பில் இருந்தது. இந்த ஒரு நம்பரை மட்டும் அவன் சேமித்து வைத்ததில்லை. தேடி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டான். உலகத்திலேயே பேசப் பிடிக்காத ஆள் எடுப்பதற்காக அவன் காத்திருந்தான்.

"சொல்லு சம்பத்து. ஸ்டேஷன் கிட்ட வந்துட்டேன்."

"அண்ணா" என்றான் சம்பத். ஏசுதாசனை அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "குணா வாயில சிகரெட் கீதுண்ணா. இன்னும் பத்த வெக்கல. தட்டுல நான்தான் வெச்சேன். வேணும்னே வெச்சேன்."

குணா உதட்டிலிருந்து சிகரெட்டை எடுத்தான். சம்பத்தையே பார்த்தான். அந்தப் பார்வைக்குக் கன்னத்தில் ஓர் அறை எவ்வளவோ மேல்.

"நீயா வெச்ச?"

"ஆமாண்டா."

"தெரிஞ்சே?"

சம்பத் தலையை ஆட்டினான். ஏன் என்று குணா கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

ஃபோனில் வண்டி ஓரம் கட்டும் சத்தம் கேட்டது. "குணாகிட்ட குடு" என்றான் ஏசுதாசன்.

குணா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு, சிகரெட்டை சம்பத்தின் கையில் திணித்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டான். ஏசுதாசன் திட்டவில்லை. புத்தி சொல்லவில்லை. "அம்மா கடைசியா உனுக்கு இன்னா சமைச்சுப் போட்டாங்க?" என்று கேட்டான். குணா, "கருவாட்டுக் கொழம்பு" என்றான். அதைச் சொல்லும்போதே உடைந்துபோய் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். காலையிலிருந்து ஒரு சொட்டு அழாதவன், தொட்டியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வாய்விட்டு, குழந்தை மாதிரி அழுதான். அந்தக் குழம்பை அந்த வீட்டில் உட்கார்ந்து சம்பத்தும் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறான். அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியது அவனுக்கல்ல.

சம்பத் கையிலிருந்ததைக் கசக்கிச் சாக்கடையில் போட்டான். முன்பக்கம் வந்து, மாமா முறைக்க முறைக்கத் தாம்பாளத்தில் இருந்த சிகரெட்டையும் பீடியையும் வாரிக்கொண்டு போய்க் கொட்டினான்.

ஏசுதாசன் தமிழினியோடு வந்து சேர்ந்தான். எல்லாம் முடிந்து பாடை கட்டினார்கள். பிணத்தை ஏற்றிப்போகும் ரத வண்டி வேண்டாம், தோளில்தான் போக வேண்டும் என்று பங்காளிகள் சொல்லியிருந்தார்கள். கொள்ளிச்சட்டியைப் பிடித்தபடி குணாவே ஆட்களைக் கூப்பிட்டான். சித்தப்பா மகன், மாமா மகன், தங்கை புருஷன். நாலாவது பெயருக்கு சம்பத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். நாலாவது ஆள் யார் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"ஏசண்ணா, நீங்க வாங்க" என்றான் குணா.

புஷ்பலதா சம்பத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். தட்டில் சிகரெட் வைத்தது யார் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டிருந்தது. சம்பத் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்தான். பொரி இறைப்பவனுக்கும் மேளம் அடிப்பவனுக்கும்கூட ஒரு வேலை இருந்தது. அவனுக்கு ஒன்றும் இல்லை.

ஏரி திருப்பத்தில் பாடையை நிறுத்தித் தோள் மாற்றினார்கள். ஏசுதாசன் தலையைத் திருப்பிக் கூட்டத்தில் தேடினான். சம்பத்தைக் கண்டதும் கண்ணால் கூப்பிட்டான். சம்பத் அசையவில்லை. "வா சம்பத்து, உன் அம்மா மாதிரிதான" என்று சொல்லி, அவன் வந்து தோள் கொடுக்கும்வரை மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு விலகிக்கொண்டான்.

பாரம் தோளில் இறங்கியது. குப்பம்மாவைச் சுமக்க இடம் கிடைத்துவிட்டது. கொடுத்தவன் குணா இல்லை, ஏசுதாசன். சம்பத்தால் தாங்க முடியாமல் போனது அதுதான். முன்னால் குணா சட்டியை ஏந்திக்கொண்டு லேசாக விந்தி விந்தி நடந்தான். ஏசுதாசன் விரைந்து போய் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். குணா அதில் சாய்ந்துகொண்டான். சுடுகாடு வரைக்கும் சம்பத் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு சுமந்தான். அந்தக் கை அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தான். அது தன் கை இல்லையே என்றும் நினைத்தான். பொறாமை ஒரு பொட்டுகூடக் குறையவில்லை.